எத்தனை பொட்டலம் மடித்தீர்கள்?

'ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு மருந்து கொடுக்கறீங்க டாக்டர்?' என்று என்னிடம் பலர் கேட்பார்கள். எத்தனை சூரணப் பொட்டலம் மடித்தேன் என்பதா கணக்கு? வாங்கிப் போனவர் எழுந்து நடமாடினாரா என்பதுதானே கணக்கு! இந்தச் சின்ன விஷயத்தைத்தான் நம் சுகாதாரத் துறைகள் பலமுறை கோட்டை விட்டிருக்கின்றன.

நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்த காலம். மார்ச் மாதம் பிறந்தாலே சுகாதார ஊழியர்களுக்குத் தூக்கம் போய்விடும். வருடக் கணக்கு முடிவதற்குள் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு 'கேஸ்' பிடித்தாக வேண்டும். இலக்கை எட்டாவிட்டால் திட்டு, மெமோ. ஆபரேஷன் செய்துகொண்ட பெண் அப்புறம் எப்படி இருக்கிறாள் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. 1996 ஏப்ரலில் மத்திய அரசு இந்த இலக்கு முறையைக் கைவிட்டது. காகிதத்திலிருந்து போயிற்று, மனசிலிருந்து போகவில்லை.

2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் அருகே ஒரு முகாம். சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஒரே டாக்டர் கருத்தடை ஆபரேஷன் செய்தார். பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். ஆயிரக்கணக்கில் ஆபரேஷன் செய்ததற்காக அதே வருடம் மாநில அரசின் பாராட்டைப் பெற்றவர் அந்த டாக்டர்! இப்படிப்பட்ட முகாம்களை 3 ஆண்டுகளுக்குள் நிறுத்தும்படி 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. யோசித்துப் பாருங்கள். எண்ணிக்கைக்கு மாலை போட்டால் எண்ணிக்கைதானே வளரும்?

'சரி, தப்பு நடந்தா உடனே வேலையை விட்டுத் தூக்கிடணும்' என்பீர்கள். அலட்சியத்துக்குத் தண்டனை வேண்டியதுதான். ஆனால் வெறும் பயத்தால் ஆகாது. பயந்தவர் முதலில் செய்வது மறைப்பது. சாவு நடந்திருக்கும், ரிஜிஸ்டரில் காரணம் மாறியிருக்கும். நோய் தெரியாமல் மருந்து கொடுப்பது எப்படி?

இதற்கு நம் தமிழ்நாடே நல்ல வழி காட்டியிருக்கிறது. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால், ஏன் இறந்தாள், வண்டி தாமதமா, ரத்தம் கிடைக்கவில்லையா என்று ஒவ்வொரு சாவையும் ஆராய்கிறார்கள். வீட்டாரிடமும் கேட்கிறார்கள். யார் தலையை உருட்டலாம் என்பதற்காக அல்ல, அடுத்த தாயைக் காப்பாற்ற. 2004-06-ல் உயிருடன் பிறந்த 1 லட்சம் குழந்தைகளுக்கு 111 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20-ல் அது 54. ஆம்புலன்ஸ், 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாம் சேர்ந்துதான் இது நடந்தது. ஆனால் எதைச் சரி செய்ய வேண்டும் என்று காட்டியதில் அந்த விசாரணைக்குப் பெரிய பங்கு உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. 'நம்ம வார்டில் 500 பேருக்கு சர்க்கரை டெஸ்ட் பண்ணியாச்சு' என்று யாராவது பெருமையாகச் சொன்னால் கை தட்டிவிட்டு வராதீர்கள். 'சர்க்கரை இருந்தவங்களுக்கு மாத்திரை ஒழுங்கா கிடைக்குதா? இப்ப எப்படி இருக்காங்க?' என்று கேளுங்கள். குறையை மறைக்காமல் சொல்கிற நர்ஸம்மாவைத் திட்டாதீர்கள். உண்மையில் பாராட்ட வேண்டியது அவரைத்தான்!