படபடப்பு நின்றால் போதுமா?

ஒகேனக்கல்லுக்குப் போய் எண்ணெய் தேய்த்துக் கொள்ளாமல் வரலாமா? பெரியம்மாவுக்கும் ஆசை. எண்ணெய்க் கிண்ணத்துடன் வந்த அம்மாளிடம், "ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். அழுத்தித் தேய்த்தால் கன்றிப் போகும், மெதுவாகத் தேயுங்கள்" என்றேன்.

"படபடப்புத்தான் போயே போச்சே! பதினைந்து நாளாக மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்றார் பெரியம்மா.

எனக்குப் படபடப்பு வந்துவிட்டது!

பெரியம்மாவுக்கு இருப்பது 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்'. இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் வெறுமே துடிதுடிக்கும். நாடியும் தாளம் தப்பும். பரிசல் துறையில் பாருங்கள்: ஓடுகிற நீரில் சருகு தங்குவதில்லை, பாறை இடுக்கில் தேங்கிய நீரில் சேர்ந்துவிடுகிறது. அதே மாதிரி, இடது மேலறையின் ஓரத்திலுள்ள சிறு பையில் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த அபாயம் மற்றவர்களுக்கு இருப்பதைப் போல் சுமார் 5 மடங்கு.

வைத்தியம் மூன்று விதம். ஒன்று, நாடியின் வேகத்தை மாத்திரையால் குறைப்பது. இரண்டாவது, தாளத்தைச் சீராக்குவது. இதற்கு மருந்து உண்டு, மின் அதிர்ச்சி உண்டு. தொடை ரத்தக் குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, கோளாறு கிளம்பும் இடத்தைச் சுடும் 'அப்லேஷ'னும் உண்டு. தாளத்தைக் காப்பதில் அப்லேஷன் மாத்திரையைவிட மேல். ஆனாலும் சிலருக்குக் கோளாறு திரும்பி வருவதுண்டு.

மூன்றாவதுதான் முக்கியம்: ரத்தம் உறையாமல் தடுப்பது. 'வார்ஃபரின்' பக்கவாதத்தை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது. ஆஸ்பிரின் ஐந்தில் ஒரு பங்குதான். புதிய மாத்திரைகளும் வார்ஃபரினுக்குக் குறைந்தவை அல்ல; மூளையில் ரத்தம் கசிவதும் குறைவு; அடிக்கடி ரத்தப் பரிசோதனையும் வேண்டாம். ஆனால் ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டவர்களுக்குப் பழைய வார்ஃபரின் வகையே மேல் என்று, 24 நாடுகளில் நடந்து 2022-ல் வெளியான ஆய்வு காட்டியது. அதைச் சாப்பிடுகிறவர்கள் கீரையை விட வேண்டாம்; ஒரு நாள் கட்டுக் கட்டாக, மறுநாள் பூஜ்யம் என்றில்லாமல் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும்.

வயது, ரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவை சேர்ந்திருந்தால், தாளம் சீரான பிறகும் இந்த மாத்திரை வேண்டியிருக்கும். நிறுத்தலாமா என்று சொல்ல வேண்டியவர் டாக்டர்; படபடப்பு அல்ல.

அன்றே டாக்டருக்குப் போன் செய்தோம். பெரியம்மா மாத்திரையை மறுபடி தொடங்கினார்.

சகோதரிகளே, வீட்டுப் பெரியவர்களின் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து ஒரு நிமிஷம் பாருங்கள். தாளம் தப்பினால் ஓர் ஈ.ஸி.ஜி. எடுத்துவிடுங்கள். படபடப்பே தெரியாமலும் இந்த நோய் இருக்கும்!