பத்து செகண்ட் தள்ளாமல் ஒரு மாதம்

உங்களிடம் ஒரு கேள்வி. கடைசியாக நீங்கள் ஒரு படத்தை நடுவில் நிறுத்தாமல், போனைத் தொடாமல், முழுசாகப் பார்த்தது எப்போது? தியேட்டரில் பார்த்த புதுப்படத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கேயும் டைட்டில் கார்டை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டவர்கள்தானே நாம்!

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஹாஸ்டலில் நான் படம் பார்க்கும் முறை உங்களுக்கும் தெரிந்ததுதான். ஒன்றரை மடங்கு வேகம். போர் அடித்தால் பத்து செகண்ட் தள்ளு. அதுக்கும் மேல போர் அடித்தால் யூடியூபில் யாராவது மொத்தக் கதையையும் பத்து நிமிஷத்தில் சொல்லியிருப்பார்கள். இப்படி நான் 'பார்த்து முடித்த' படங்களின் லிஸ்ட் ரொம்பப் பெரியது. அதில் ஏதாவது ஒரு காட்சியைச் சொல்லுடா என்றால் முழிப்பேன்.

போன மாதம் ஒரு சீனியர் அண்ணன் வடபழனிப் பக்கம் ஒரு பிரிவியூ தியேட்டருக்குக் கூட்டிப் போனார். ஒரு சின்னத் திரைப்படச் சங்கம் சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் அதை வாடகைக்கு எடுத்து உலக சினிமா போடுகிறது. அறுபது சீட் இருக்கும். ஏசி ஒரு பக்கம்தான் வேலை செய்யும். பாப்கார்ன் கிடையாது, படம் முடிந்ததும் வாசலில் டீ உண்டு. மாணவர்களுக்கு ஐம்பது ரூபாய். நடுவில் போன் வெளிச்சம் தெரிந்தால் பின் சீட்டு பெரியவர் தோளில் தட்டுவார். எனக்கு முதல் நாளே ரெண்டு தட்டு விழுந்தது.

நாலு சனிக்கிழமை, நாலு படம்.

முதல் வாரம் இத்தாலியப் படமான 'பைசைக்கிள் தீவ்ஸ்', 1948-ல் விட்டோரியோ டி சிகா எடுத்தது. போர் முடிந்த ரோம் நகரத்தில் ஒருவனுக்கு போஸ்டர் ஒட்டும் வேலை கிடைக்கிறது. வேலைக்கு சைக்கிள் கட்டாயம். முதல் நாளே சைக்கிள் திருடு போகிறது. அவனும் மகனும் ஊர் முழுக்கத் தேடுகிறார்கள். கதை இவ்வளவுதான். நடுவில் அப்பாவும் பையனும் மழைக்கு ஒதுங்கி நிற்பார்கள். கதை ஒரு இஞ்ச் கூட நகராது. லேப்டாப்பில் என்றால் அங்கே என் விரல் தானாகத் தள்ளியிருக்கும். அரங்கில் தள்ள முடியாதே! அதனால் நானும் அவர்களோடு நின்றேன். கடைசியில் அப்பா ஒரு தப்பு செய்து பையன் கண் முன்னாடியே மாட்டும்போது எனக்கு நெஞ்சு அடைத்ததற்குக் காரணம், அந்த மழையில் கூட நின்றதுதான் என்று நினைக்கிறேன்.

ரெண்டாவது வாரம் ஈரானிய இயக்குநர் கியாரோஸ்தமியின் 'வேர் இஸ் த ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்', 1987. ஒரு சின்னப் பையன் நண்பனுடைய நோட்டைத் தவறுதலாக வீட்டுக்கு எடுத்து வந்துவிடுகிறான். நாளைக்கு அதில் வீட்டுப்பாடம் எழுதவில்லை என்றால் வாத்தியார் நண்பனை ஸ்கூலை விட்டு அனுப்பிவிடுவார். வீடு எங்கே என்று தெரியாமல் பக்கத்து ஊருக்கு மலைப்பாதையில் ஓடுகிறான். கடைசியில் என்ன செய்கிறான் தெரியுமா? நண்பனுக்கும் சேர்த்துத் தானே எழுதிவிடுகிறான். அதாவது அசைன்மென்ட்டைப் பற்றி ஒரு முழுப் படம்! நாம் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் செய்கிற வேலைதான். ஆனால் நாம் யாருக்காகவும் மலை ஏறியதில்லை.

மூன்றாவது வாரம் ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி', 1953. 136 நிமிஷம். கேமரா தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும், கிட்டத்தட்ட அசையவே அசையாது. மறைக்காமல் சொல்கிறேன், நடுவில் இருபது நிமிஷம் தூங்கிவிட்டேன். பார்ப்பவர்களைத் தூங்க வைக்கிற படங்களும் தனக்குப் பிடிக்கும் என்று கியாரோஸ்தமியே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறாராம். டீக்கடையில் ஒரு சார் சொல்லி என்னைத் தேற்றினார்.

நாலாவது வாரம் நம்ம படம். பாலு மகேந்திராவின் 'வீடு', 1988.

அதைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒரு விஷயம். நான் சிவில் படிக்கிறேன். எங்கள் ஊரில் அப்பா ஆறு மாதமாக வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். தினமும் போன் வரும். "தம்பி, சிமென்ட் விலை ஏறிடுச்சுப்பா. மேஸ்திரி இன்னும் ரெண்டு டன் கம்பி வேணுங்கறார், சரியாப்பா?" நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு கேம் ஆடிக்கொண்டே "ம்ம், சரிப்பா" என்பேன். ஒரு தடவை "கூகுள்ல பாருங்கப்பா" என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். எஸ்டிமேஷன் பேப்பரில் எனக்கு நல்ல மார்க் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

'வீடு' படத்தில் சுதா என்று ஒரு பெண். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுகிறார்கள். தங்கச்சியையும் தாத்தாவையும் வைத்துக்கொண்டு கடன் வாங்கி ஒரு சின்ன வீடு கட்ட ஆரம்பிக்கிறாள். பிளான் அப்ரூவல், லோன், கான்ட்ராக்டர் செய்கிற மோசடி எல்லாம் வரிசையாக வரும். பாட்டு கிடையாது. தமிழ்ப் படம்தான், ஆனாலும் என் கண் தானாகக் கீழே சப்டைட்டிலுக்குப் போனது. இங்கிலீஷ் மீடியத்தின் பலன்! தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டிய வீட்டைப் பார்க்க வருகிற காட்சி வந்தபோது சப்டைட்டில் தேவைப்படவில்லை. அவர் சுவரைத் தொட்டுப் பார்ப்பார். ஒரு செங்கல் சுவரை ஒருத்தர் அப்படித் தொட்டு நான் பார்த்ததில்லை. இல்லை, பார்த்திருக்கிறேன். எங்கள் அப்பா பொங்கலுக்குத் தொட்டார். நான் அப்போது போனில் இருந்தேன்.

அன்று ராத்திரியே கோயம்பேட்டில் பஸ் ஏறினேன். மூன்று நாள் முன்னாடிதான் ரூஃப் கான்கிரீட் போட்டிருந்தார்கள். மேலே ஏறிப் பார்த்தால் காய்ந்து கிடக்கிறது. காலையில் ஒரு தடவை தண்ணி தெளித்ததோடு சரியாம். குறைந்தது ஏழு நாளாவது கான்கிரீட் ஈரமாகவே இருக்க வேண்டும், இல்லையென்றால் பலம் வராது, வெடிப்பு விடும். ரெண்டாம் வருஷத்தில் மனப்பாடம் செய்து எழுதிய பதில்தான் இது. சிமென்ட் கலவையால் சுற்றிப் பாத்தி கட்டி, தண்ணியை நிறுத்தினோம். அப்பா ஹோஸைப் பிடித்துக்கொண்டே, "இதை நீ போன்லயே சொல்லியிருக்கலாமேப்பா" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

கலைப்படம் பார்த்தால் நல்லவனாகிவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த அரங்கில் நாற்பது வருஷமாக உலக சினிமா பார்த்துவிட்டு, டீ கொடுக்கிற பையனிடம் எரிந்து விழுகிற பெரியவரும் இருக்கிறார். நம்ம மசாலா படத்தைக் கேவலமாகப் பேசுகிற கூட்டமும் உண்டு. அது எனக்குப் பிடிக்கவில்லை. முதல் நாள் முதல் ஷோ விசிலை நான் விடப்போவதும் இல்லை.

நான் சொல்வது சின்ன விஷயம். நமக்குப் போர் அடிப்பதற்கு நேரமே கிடைப்பதில்லை. போர் அடிக்கத் தொடங்கிய அந்த செகண்டே தள்ளிவிடுகிறோம். படத்தில் பழகிய விரல் அதோடு நிற்பதில்லை. வகுப்பைத் தள்ளுகிறது, நண்பன் பேசுவதைத் தள்ளுகிறது, அப்பாவின் போனைத் தள்ளுகிறது. தள்ள முடியாத ஒரு இருட்டு அறையில் முன்பின் தெரியாதவர்களோடு ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தால்தான், தள்ளிவிட்டதில் என்னவெல்லாம் இருந்தது என்று தெரிகிறது.

"இந்தப் படங்கள் ஆன்லைன்லயே கிடைக்குமே, எதுக்கு வடபழனி?" என்று கேட்பீர்கள். 'டோக்கியோ ஸ்டோரி' என் லேப்டாப்பில் ரெண்டு வருஷமாக இருக்கிறது. ஏழு நிமிஷம் பார்த்திருக்கிறேன். படம் கிடைப்பது வேறு, அதைப் பார்ப்பது வேறு என்பதற்கு அந்த ஃபைலே சாட்சி.

இப்படிப்பட்ட சின்ன அறைகளை லேசாக நினைக்க வேண்டாம். சத்யஜித் ராய் 1947-ல் நண்பர்களோடு கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியை ஆரம்பித்தபோது அவர் படம் எதுவும் எடுத்திருக்கவில்லை. விளம்பரக் கம்பெனியில் வேலை. 1950-ல் லண்டனில் இதே 'பைசைக்கிள் தீவ்ஸ்' பார்த்தார். 1955-ல் 'பதேர் பாஞ்சாலி' வந்தது. அடூர் கோபாலகிருஷ்ணன் 1965-ல் திருவனந்தபுரத்தில் நண்பர்களோடு சித்ரலேகா ஃபிலிம் சொசைட்டி தொடங்கினார். அவருடைய முதல் படம் 'சுயம்வரம்' வந்தது 1972-ல். ரெண்டு பேருமே முதலில் மற்றவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து படம் பார்த்தவர்கள்.

'வீடு' ஓடிய அன்று அரங்கில் இருபத்துமூன்று பேர். எண்ணிப் பார்த்தேன். அதில் மாணவர்கள் மூன்று பேர். மற்ற எல்லோருக்கும் தலை நரைத்திருந்தது. டீ குடிக்கும்போது சங்கத்தை நடத்துகிறவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அடுத்த மாதத்துக்கு அரங்க வாடகை கட்டியாகிவிட்டது, அதற்கப்புறம் ஆள் வருவதைப் பொறுத்து.

அதனால் ரெண்டு வேண்டுகோள். ஒன்று, ஜூனியர்களுக்கு. நம்ம செமினார் ஹாலில் புரொஜெக்டர் இருக்கிறது, ஏசி ரெண்டு பக்கமும் வேலை செய்கிறது. மாதம் ஒரு படம் போடலாம். திருட்டு டவுன்லோடு வேண்டாம். முறையாக அனுமதி வாங்கிப் போடும் வழியை அந்தச் சங்கத்துக்காரர்களே சொல்லித் தருகிறார்களாம், கேட்டுவிட்டேன். ஹெச்ஓடியிடம் கையெழுத்து வாங்கும் வேலையை மே மாதம் போவதற்குள் நான் முடித்துத் தருகிறேன். நடத்த ஆள் மட்டும் வேண்டும்.

இன்னொன்று, எல்லோருக்கும். வருகிற சனிக்கிழமை ஐந்தரைக்குப் படம். நாலு மணிக்கு நான் மெயின் கேட்டில் நிற்பேன். என்ன படம் என்று கேட்காதீர்கள், கேட்டால் யூடியூபில் தேடுவீர்கள். தூக்கம் வந்தால் தூங்கிக்கொள்ளலாம். போனை மட்டும் வெளியே எடுக்காதீர்கள். அந்தப் பெரியவர் கொஞ்சம் பலமாகவே தட்டுவார்.