வேகா காரைக் கெடுத்தது யார்?

சரக்கு நன்றாக விலைபோனால் அது நிர்வாகத்தின் திறமை. பழுதாகிவிட்டால் தொழிலாளியின் சோம்பல்! இது முதலாளிகளின் பழைய பல்லவி. அமெரிக்காவின் மிகப்பெரிய மோட்டார் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸும் இதே பல்லவியைப் பாடியது. அந்தக் கதை நம் தோழர்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறோம்.

1968 அக்டோபரில் அக்கம்பெனியின் தலைவர் ஜேம்ஸ் ரோச், இரண்டே ஆண்டில் சிறிய கார் ஒன்றை விற்பனைக்கு விடுவதாக அறிவித்தார். ஜெர்மன், ஜப்பான் சிறு கார்கள் அமெரிக்கச் சந்தையில் புகுந்துவிட்டன. ஆகவேதான் அந்த அவசரம். சொன்னபடியே 1970 செப்டம்பரில் ‘செவ்ரலே வேகா’ வெளிவந்தது. ஆரம்ப விலை 2,090 டாலர். ஒஹையோ மாநிலத்தின் லார்ட்ஸ்டவுன் ஆலையில் அதைப் பூட்டினார்கள்.

எஞ்சினின் பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது கியர் பெட்டி. வேகாவுக்குக் கையிலிருந்த கியர் பெட்டிகளையே கொடுத்தார்கள். ஒன்று, ஜெர்மனியில் அதே கம்பெனிக்குச் சொந்தமாயிருந்த ஓப்பலின் கியர் பெட்டி. இன்னொன்று, தானாகவே கியர் மாறும் ‘பவர்கிளைடு’. அதற்கு இரண்டே கியர். காருக்குச் சுறுசுறுப்புப் போதாது. ஆனால் 1950 முதல் செவ்ரலே கார்களில் ஓடி அடிபட்டுத் தேறியது, உழைப்புக்குப் பேர்போனது.

எஞ்சின் அப்படியல்ல. அது புதிது. அலுமினியத்தில் வார்த்தது. பிஸ்டன் ஓடும் இடத்தில் வழக்கமாக வைக்கும் இரும்பு உறையை வைக்கவில்லை. சூடு ஏறியதும் எஞ்சின் கோணிற்று. எண்ணெயைக் குடித்துப் புகை கக்கிற்று. முன் மட்கார்டுகள் சீக்கிரமே துருப்பிடித்து ஓட்டையாயின. அதைத் தடுக்கும் உள்தகட்டுக்குக் காருக்கு இரண்டு டாலர் சொச்சம்தான் செலவு. அதையும் மிச்சம் பிடித்தார்கள்!

கியர் பெட்டியும் எஞ்சினும் வெளியிலிருந்து செய்துவந்தவை. லார்ட்ஸ்டவுன் தொழிலாளிகள் இரண்டையும் ஒரே வரிசையில் நின்று பூட்டினார்கள். நாள்பட்டுச் சோதித்தது தாங்கிற்று. அவசரத்தில் பிறந்தது படுத்துவிட்டது. பூட்டிய கை ஒன்றே என்றால், குற்றம் கையில் எப்படி இருக்கும்? பொக்கு விதையைக் கொடுத்துவிட்டு, விதைத்தவன் கையைப் பழிப்பதா?

அந்தக் கைகளுக்காவது அவகாசம் கொடுத்தார்களா? பிற ஆலைகளில் மணிக்கு 60 கார் வந்தால், இங்கே 100. ஒரு காருக்கு 36 விநாடி! 1971 அக்டோபரில் புதிய நிர்வாகம் வந்தது. நூற்றுக்கணக்கானோரை வெளியேற்றிவிட்டு, அவர்கள் வேலையை மிஞ்சியவர்கள் தலையில் கட்டிற்று. இரண்டு சைடு பார்த்தவரை நாலு சைடு பார்க்கச் சொன்னால் என்ன ஆகும் என்று நூற்பாலைத் தோழருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

குறைகள் பெருகின. உடனே நிர்வாகம், “நாசவேலை!” என்று கூவிற்று. கோபத்தில் யாரோ சிலர் இருக்கைத் துணியைக் கிழித்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 1972-ல் மட்டும் மூன்று முறை வேகா கார்களைத் திரும்ப அழைத்தார்களே, அது எதனால்? புகைக்குழாய்ப் பெட்டி வெடித்து, பக்கத்திலுள்ள பெட்ரோல் டாங்கி சூடேறும் ஆபத்து ஒருமுறை. வேகம் கூட்டும் இணைப்புச் சிக்கிக்கொள்ளும் ஆபத்து ஒருமுறை. பின் அச்சுக் கோளாறு ஒருமுறை. அச்சுக்காக மட்டும் சுமார் 5 லட்சம் கார்கள்! இத்தனை கார்களிலும் ஒரே கோளாறு இருந்தால், அது ஒரு தொழிலாளியின் கோபத்தால் வந்ததல்ல. கம்பெனியின் திட்டத்திலேயே இருந்தது.

தொழிலாளர் வாளாவிருக்கவில்லை. வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 97 பேர் வேலைநிறுத்தம் என்றனர். 1972 மார்ச்சில் 22 நாள் ஆலை நின்றது. வெளியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள். ஆனால் வரிசையின் வேகம் குறையவில்லை. அது பாதி வெற்றியே. 1977-ல் வேகாவின் உற்பத்தி நின்றது. அதற்குள் சுமார் 20 லட்சம் கார்கள் விற்றாகிவிட்டது.

ஆகவே, பழுதான சரக்கைக் காட்டி உங்கள் கையில் மெமோ கொடுத்தால், தலைகுனிந்து கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: பஞ்சும் எந்திரமும் எப்படி இருந்தன? ஒரு ஆளுக்கு எவ்வளவு வேலை? முன்பு எத்தனை பேர் செய்தார்கள்? பதிலை எழுத்தில் கேளுங்கள். தனியாக அல்ல, சங்கமாக நின்று கேளுங்கள். லாப வேட்டையில் விளைந்த பழுதைத் தொழிலாளியின் கணக்கில் எழுத இனி விடக்கூடாது!