ஜீப்பை உசத்தாதீங்க, பட்டையைக் கவனிங்க

பழைய அமெரிக்க வண்டின்னு சொன்னா நம்மாளுங்களுக்குக் கறுப்பு வெள்ளைப் படத்துல ஹீரோ வந்து இறங்குற நீளமான இம்பாலாதான் ஞாபகம் வரும். பழனி மலைப் பக்கம் கதையே வேற. இங்க காப்பித் தோட்டத்துலயும் காய்கறிக் காட்டுலயும் இன்னமும் உழைச்சுக்கிட்டு இருக்கிற அமெரிக்கக் கிளாசிக் நம்ம ஜீப்புதான். 1941-லிருந்து 1945 வரைக்கும் வில்லிஸும் ஃபோர்டுமா சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல செஞ்சு போருக்கு அனுப்பின வண்டி. போர் முடிஞ்சப்புறம் மகிந்திராக்காரங்க பம்பாய்ல பாகங்களை இறக்கிப் பூட்ட ஆரம்பிச்சாங்க. அப்புறம் சிஜே-3பி, 1980-கள்ல எம்எம் 540-ன்னு வரிசையா வந்துச்சு. பேர் மாறினாலும் அடியில சமாச்சாரம் ஒண்ணுதான்: முன்னாடி ஒரு இரும்பு அச்சு, பின்னாடி ஒரு இரும்பு அச்சு, நாலு மூலைக்கும் நாலு கட்டு ஸ்பிரிங் பட்டை.

(கொடைக்கானலுக்கும் அமெரிக்காவுக்கும் தொடர்பு ஜீப்புக்கு முன்னாடியே உண்டு. 1845-ல இங்க முதல் பங்களாக்களைக் கட்டினதே மதுரை அமெரிக்க மிஷன்காரங்கதான். அப்பல்லாம் டோலியிலயும் நடையாவும்தான் மலை ஏறணும். சஸ்பென்ஷன் பிரச்சினையே இல்ல, எல்லாம் சுமக்கிறவங்க தோள் பாடு!)

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பழைய ஜீப் வாங்குற நம்ம இளவட்டங்க எல்லாரும் மொதல்ல செய்யுற வேலை, வண்டியை உசத்துறது. நீளமான ஷாக்கிள் போடு, பட்டையில ரெண்டு சேர்த்துக் கட்டு, பெரிய டயர் மாட்டு, படம் எடுத்து எல்லாருக்கும் காட்டு. இதுக்குப் பேரு 'சஸ்பென்ஷன் அப்கிரேடு'. என் கருத்தைப் பட்டுன்னு சொல்லிடறேன்: மலையில ஓடுற ஜீப்புக்கு இது அப்கிரேடே இல்ல, டவுன்கிரேடு. மலை வண்டி சஸ்பென்ஷனுக்கு ரெண்டே பரீட்சைதான். ஒண்ணு, கொண்டை ஊசி வளைவுல நாலு சக்கரமும் தரையில நிக்கணும். ரெண்டு, பின்னாடி பெஞ்சுல உட்கார்ந்திருக்கிறவங்க முதுகெலும்பு முழுசா வீடு போய்ச் சேரணும். இந்த ரெண்டுலயும் உயரத்துக்கு மார்க்கே கிடையாது.

மொத பரீட்சைக்குக் கணக்கு ரொம்ப எளிது. இடது வலது சக்கரங்களுக்கு நடுவுல இருக்கிற தூரத்துல பாதியை எடுத்து, வண்டியோட ஈர்ப்பு மையம் தரையிலேர்ந்து எவ்வளவு உயரமோ அதால வகுங்க. விடை குறையக் குறைய வண்டி கவிழுறது சுலபம். பழைய சின்ன ஜீப்புக்கு அந்த இடைவெளி சுமாரா 48 அங்குலம், பாதி 24. மையம் 26 அங்குல உயரத்துல இருக்குன்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். விடை 0.92. லிஃப்டும் பெரிய டயரும் சேர்ந்து மையத்தை 3 அங்குலம் ஏத்திட்டா விடை 0.83. பத்துல ஒரு பங்கு ஸ்திரத்தன்மையைக் காசு குடுத்துத் தொலைக்கிறோம். இதுல பின்னாடி ஆறு பேரு, மேல கேரியர்ல நாலு மூட்டை வேற. 1980 டிசம்பர்ல அமெரிக்காவுல '60 மினிட்ஸ்' நிகழ்ச்சியில சிஜே-5 ஜீப் வளைவுல கவிழுற சோதனையைக் காட்டினப்ப பெரிய களேபரமே ஆச்சு. சோதனை செஞ்ச விதம் சரியான்னு அப்பவே சண்டை நடந்தது, அது தனிக் கதை. ஆனா குட்டையான, ஒடுங்கின, உயரமான வண்டி சீக்கிரம் சாயும்ங்கிறதுல ரெண்டாவது பேச்சு கிடையாது. பெருமாள்மலைக்கு மேல மூடுபனியில திரும்புறப்ப அதைச் சோதிச்சுப் பார்க்கணுமா?

உசத்தினா இன்னும் சில உபரி வினைகளும் உண்டு. ஸ்டீயரிங் கம்பியோட கோணம் மாறிப்போய், குழியில இறங்குறப்ப வண்டி தானாவே ஒரு பக்கம் இழுக்கும். முன் அச்சு சாயுற கோணம் மாறிப்போறதால ஸ்டீயரிங் நேரா நிக்காம அலையும். ஜீப்புக்குப் பின்பக்க புரொப்பெல்லர் ஷாஃப்ட் ரொம்பக் குட்டை. கோணம் கூடினா கிராஸ் அடிக்கடி போகும். பிரேக் ஹோஸ் நீளம் பத்தாம இழுபடும். சமவெளியில இதெல்லாம் தொல்லை. இறக்கத்துல உசுருப் பிரச்சினை.

ரெண்டாவது பரீட்சை, முதுகெலும்பு. பட்டையோட கெட்டித்தன்மை அதன் தடிமனோட மும்மடிப் பெருக்கத்துல ஏறும். 5 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதிலா 6 மில்லிமீட்டர் போட்டா 'ஒரு மில்லிதானே'ன்னு தோணும். ஆனா அந்தப் பட்டை முக்கால் பங்குக்குக் கிட்ட கூடுதலா விறைச்சுக்கும் (1.2 × 1.2 × 1.2 போட்டுப் பாருங்க, 1.73 வரும்). லாரிப் பட்டையை வெட்டிச் சொருகின ஜீப்புல உட்கார்ந்தா மாட்டு வண்டியே தேவலைன்னு தோணுறது இதனாலதான்.

இதுல ஒரு நியாயமும் இருக்கு, மறைக்கக் கூடாது. பூம்பாறைப் பக்கம் பூண்டு மூட்டையும், தாண்டிக்குடிப் பக்கம் காப்பி மூட்டையும் ஏத்துற வண்டிக்காரருக்குக் கூடுதல் பட்டை ஆடம்பரம் இல்ல, வயித்துப் பொழப்பு. "அண்ணே, ஒரு பட்டை சேர்த்துருவோமா?"ன்னு பட்டறையில கேட்டா அவர் தலையாட்டத்தான் செய்வார். ஆனா அதே வண்டி சுமையை இறக்கிட்டு வெறுமனே திரும்புறப்ப பின்பக்கம் துள்ளும். துள்ளுற சக்கரத்துக்குப் பிடிப்பு கிடையாது. ஈர ரோட்டுல பிரேக் அடிச்சா பின்பக்கம் வழுக்கிக்கிட்டு முன்னாடி வரப் பார்க்கும். இதுக்குப் பழைய வழி ஒண்ணு இருக்கு: சுமை ஏறினப்ப மட்டும் போய் ஒட்டிக்கிற ஹெல்பர் பட்டை. சும்மா ஓடுறப்ப அது தன் பாட்டுக்குக் கிடக்கும்.

அப்ப என்னதான் பண்றதுங்கிறீங்களா? முதல்ல பட்டையை மொத்தமா கழட்டுங்க. பாதிப் பழைய ஜீப்புகள்ல பட்டைகளுக்கு நடுவுல துரு ஏறி எல்லாம் ஒட்டிக்கிட்டு ஒரே கட்டையா கிடக்கும். ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கினாத்தான் அது ஸ்பிரிங். சுரண்டிச் சுத்தம் பண்ணி, கிராஃபைட் கிரீஸ் தடவி, வளைவு செத்துப்போனதைப் பட்டறையில வளைச்சு வாங்குங்க. விரிசல் விட்டதைத் தூக்கிப் போடுங்க. ஷாக்கிள் பின்னும் புஷ்ஷும் புதுசு. சென்டர் போல்ட், யூ போல்ட் புதுசு. கொஞ்ச தூரம் ஓட்டிட்டு யூ போல்ட்டை மறுபடி முறுக்கணும், இதை நிறையப் பேர் விட்டுடறாங்க. பம்ப் ஸ்டாப் ரப்பர் இருக்கான்னு பாருங்க. கடைசியா நல்ல ஷாக் அப்சார்பர் நாலு. இவ்வளவும் செஞ்சப்புறமும் காசு மிஞ்சினா, உங்க வண்டியோட அளவுக்குக் கிடைச்சா, பாராபோலிக் பட்டை யோசிக்கலாம். எண்ணிக்கை கம்மி, நுனிக்குப் போகப்போக மெலிசு, நடுவுல இடைவெளி இருக்கறதால உரசல் கிடையாது. உயரம் ஏத்தாத ரகமாப் பார்த்து வாங்கணும், அவ்வளவுதான்.

"காயில் ஸ்பிரிங் போட்டுட்டா?"ன்னு கேட்கிறவங்களுக்கு: பட்டை சுமையை மட்டும் தாங்கலை. அச்சு முன்னே பின்னே நகராமப் பிடிச்சு வச்சிருக்கிறதும் அதேதான். அதைக் கழட்டினா அந்த வேலைக்குத் தனியா கம்பிகள் வேணும், சேஸிஸ்ல வெல்டிங் வேணும். அமெரிக்காவுல 1996-ல ராங்ளர் காயிலுக்கு மாறினப்ப அடிப்பகுதியையே அதுக்குத் தகுந்த மாதிரி செஞ்சாங்க. 2020-ல வந்த தாரும் அப்படித்தான். தெருமுனை வெல்டிங் கடையில நடக்கிற காரியம் இல்ல இது.

சட்டமும் நம்ம பக்கம் இல்ல. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் குடுத்த அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவைக் காட்டித் தெளிவாச் சொல்லிடுச்சு. அதே வருஷத் திருத்தத்துல, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாசம் வரைக்கும் சிறையோன்னு வந்தாச்சு. அபராதத்தை விடுங்க, விபத்துன்னு ஒண்ணு நடந்தா இன்சூரன்ஸ்காரர் மொதல்ல குனிஞ்சு பார்க்கிறது வண்டிக்கு அடியிலதான்.

வண்டியை உசத்துறவர் முன்சீட்டுல, ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உட்காருறார். அந்த உசத்தலுக்கு விலை குடுக்கிறவங்க பின்னாடி, பெல்ட்டும் பிடிமானமும் இல்லாத பெஞ்சுல இருக்காங்க. சந்தைக்குப் போற அம்மா, பள்ளிக்கூடம் விட்டு வர்ற பிள்ளை, ஆஸ்பத்திரிக்குப் போற கர்ப்பிணி. பட்டறைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி உங்க வண்டியோட பின் பெஞ்சுல நீங்களே உட்கார்ந்து, வேற யாரையாவது ஓட்டச் சொல்லி, ஒரு தடவை வத்தலக்குண்டு வரைக்கும் இறங்கிப் பாருங்க. எந்த அப்கிரேடு வேணும்னு அந்த பெஞ்சே சொல்லிடும்.

டிஸ்கி: 'லிஃப்ட் பண்ணாத ஜீப் ஜீப்பே இல்ல' கோஷ்டிக்காரங்க தாராளமா வந்து கும்மலாம். கணக்கோட வந்தீங்கன்னா பதில் உண்டு :-)