பார்வைப் பறவையும் கைபேசியும்

'பார்வை' என்னும் சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பொருளும் உண்டு. தன் இனத்தை வரவழைத்துப் பிடிப்பதற்காக வேடன் பழக்கிக் கட்டிவைக்கும் விலங்கும் பறவையும் 'பார்வை' எனப்படும். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடிசை விளாமரத்தில் கட்டப்பட்டிருக்கும் பார்வை மானை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் அது பழங்கதை என்றே எண்ணியிருந்தோம். ஆனால் சிங்கம்புணரியிலிருந்து பிரான்மலை செல்லும் வழியில், கைபேசியில் கவுதாரியின் கூவலை ஒலிக்கவிட்டுப் புதரோரம் காத்திருந்த படப்பிடிப்பாளரைக் கண்டபோது, பார்வைப் பறவைக்கு இப்போது கூண்டும் தேவையில்லை என்பது புரிந்தது.

இதே உத்தியை ஆய்வாளரும் கையாள்கின்றனர் என்பதை மறுப்பதற்கில்லை. கடலைக் கொல்லையிலும் தரிசிலும் பதுங்கி வாழும் கவுதாரியையும் காடையையும் கண்ணால் எண்ணிவிட முடியாது. பதிவு செய்த குரலைச் சிறிது நேரம் ஒலிக்கவிட்டுக் காத்திருந்தால், தன் எல்லைக்குள் வேற்று ஆண் நுழைந்துவிட்டதாகக் கருதி அவ்விடத்துப் பறவை மறுகுரல் கொடுக்கும், அதை எண்ணிக்கொள்ளலாம். 1900க்குப் பின் அற்றுப்போனதாகக் கருதப்பட்டு, 1986இல் ஆந்திரத்துக் கடப்பைப் பகுதியில் மீண்டும் கண்டறியப்பட்ட ஜெர்டன் கோர்சர் என்னும் இரவுப் பறவையையும் பின்னாளில் இம்முறையில் தேடியிருக்கிறார்கள். புதர்க்காட்டின் இருளில் வேறு வழி எளிதன்று.

நம் மறுப்பு கருவியின்மீதன்று, அதைக் கையாளும் காலத்தின்மீதும் அளவின்மீதும்தான். இவை தரையில் முட்டையிடுபவை. இல்லாத எதிரியை விரட்ட வெளிவரும் பறவை இரையையும் குஞ்சையும் மறக்கிறது. தன் இருப்பிடத்தைக் கீரிக்கும் வல்லூறுக்கும் தானே அறிவித்தும் விடுகிறது. ஆட்காட்டிக்கோ இந்த உபசாரமே வேண்டாம். வரப்பில் கால் வைத்தால் ஊரையே கூட்டிவிடும் பறவை அது! 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் குலைப்பதை வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே அடக்குகிறது என்பதையும் படமெடுப்போர் நினைவிற் கொள்ளலாம்.

நம் மாவட்டத்து வேட்டங்குடிப்பட்டி 1977இல் பறவைகள் சரணாலயமாயிற்று. அங்கே கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிக்காமல் இருக்கிறார்கள் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள். கண்மாய்ப் பறவைக்குக் கிடைத்த அந்த மரியாதை கொல்லைப் பறவைக்கும் கிடைக்க வேண்டும். கணக்கெடுப்போர் விடியலில் அமர்ந்து தாமாகக் கேட்கும் குரல்களை முதலில் எண்ணட்டும். ஒலிப்பதிவுக் கருவியை வரப்பில் வைத்துவிட்டு வந்தாலும் நன்று. அதுவும் போதாதபோது ஓரிடத்தில் ஒருமுறை குரலை ஒலிக்கவிட்டு, மறுகுரல் எழுந்த கணமே நிறுத்திவிட வேண்டும். படத்துக்காக அழைப்பதை, குறைந்தது இனப்பெருக்கக் காலத்திலாவது, முற்றாகக் கைவிட வேண்டும்.