அப்பாவின் எண்ணுக்கு வரும் அழைப்பு

பிளஸ் டூ தேர்வு முடிவு வருவதற்கு முன்பே தனியார் பொறியியல் கல்லூரிகளின் மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் வாட்ஸ்அப் படமும் வரத் தொடங்கிவிடுகின்றன. பின்னாலேயே தொலைபேசி அழைப்பு. "உங்கள் மகளுக்கு இடம் உறுதி" என்கிறார்கள். மகள் அங்கே விண்ணப்பிக்கவே இல்லை. கேட்காத வீட்டுக்கு ஏன் இத்தனை உபசாரம்?

கலந்தாய்வில் நிரம்பாத ஓர் இடம் என்றால் கல்லூரிக்கு நான்கு ஆண்டுக் கட்டணம் போயிற்று. ஆயிரம் பேருக்குச் செய்தி அனுப்பும் செலவு அதன் முன்னே தூசு. ஆயிரத்தில் ஒருத்தி வந்தாலும் லாபம்தான். நான் தனியார் கல்லூரி ஒன்றில் வேலை பார்த்த ஆண்டுகளில் ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறை என்பதே கிடையாது. பெயரும் கைபேசி எண்ணும் அச்சிட்ட பட்டியலைக் கையில் கொடுப்பார்கள். அது எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது. தலைக்கு இத்தனை சேர்க்கை என்று இலக்கு உண்டு. அழைத்துப் பேசும் வேலை பெரும்பாலும் பெண் ஆசிரியர்களுக்குத்தான். "மேடம் பேசினா பேரன்ட்ஸ் நம்புவாங்க" என்பார்கள்.

பட்டியலில் மாணவியின் பெயருக்கு எதிரே இருந்தது அப்பாவின் எண். மின்னஞ்சல் முகவரி இருந்தால் அது அண்ணனுடையது, அல்லது விண்ணப்பம் போட்டுக் கொடுத்த பிரவுசிங் சென்டர்காரர் உருவாக்கியது. ஆக, பேரம் அவளைப் பற்றி நடந்தது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. பையனைப் பெற்றவரிடம் வேலைவாய்ப்பையும் சம்பளத்தையும் சொல்லச் சொன்னார்கள். பெண்ணைப் பெற்றவரிடம் சொல்ல வேறு பட்டியல்: விடுதியில் செல்போனுக்குத் தடை, எங்கும் சிசிடிவி, வகுப்புக்கு வராவிட்டால் உடனே உங்களுக்குக் குறுஞ்செய்தி, பையன்களோடு பேச விடமாட்டோம். மகளுக்குக் காவல் இருக்கிறோம் என்று சொல்லி இடத்தை விற்றோம்.

பெற்றோர் பாதுகாப்பைக் கேட்பதில் என்ன தவறு என்று கேட்கலாம். தவறே இல்லை. முதல் தலைமுறையாகப் படிக்கப்போகும் பெண்ணை அந்த உறுதி இல்லாமல் அனுப்பத் தயங்கும் வீடுகள் உண்டு. ஆனால் உயர்கல்வி நிறுவனங்களில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த 2015ஆம் ஆண்டு விதிமுறைகள் பாதுகாப்புக்கு வேறு பொருள் சொல்கின்றன. ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத விடுதிக் கட்டுப்பாட்டைப் பெண்களுக்கு விதிக்கக் கூடாது. எங்களுக்குக் கொடுத்த பேச்சுக் குறிப்பில் புகார்க் குழு என்ற சொல்லே இல்லை. பாடம் நடத்துபவரே தொல்லை கொடுத்தால் அந்தப் பெண் யாரிடம் போவாள்? சிசிடிவியிடமா?

இந்த எண்களை பிளாக் செய்துவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். அடுத்த அழைப்பு வரும்போது போனை மகளிடம் கொடுங்கள். அவள் கேட்கட்டும்: எங்கள் எண் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது? புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வீர்களா? இடையில் விலகினால் கட்டணம் திரும்பக் கிடைக்குமா? ஆண்கள் விடுதியை எத்தனை மணிக்குப் பூட்டுகிறீர்கள்?

படிக்கப்போவது அவள். பேச வேண்டியதும் அவளிடம்தான்.