அகவை இருபத்தொன்று

"செருமனியில் 16 வயதுப் பையன் கடைக்குச் சென்று பீர் வாங்கலாம், நம் நாட்டில் மட்டும் ஏன் ஐயா இத்தனை கெடுபிடி?" சென்ற ஆண்டு திருமண விருந்தொன்றில் நண்பர் ஒருவர் என்னைக் கேட்ட கேள்வி இது. அவர் கையிலிருந்த கோப்பை அவருக்கன்று. படிவம் மூன்றில் பயிலும் அவர்தம் மகனுக்கு. அவன் என் பழைய மாணவன்.

செருமனியில் பீரும் திராட்சை மதுவும் 16 வயதில், கடுமது 18 வயதில் என்பது மெய்தான். ஆனால், அந்நாட்டை மட்டும் சுட்டுவோர் அதன் அண்டை நாட்டை ஏன் மறைக்கின்றனர்? பிரான்சு 2009ஆம் ஆண்டில் 16 என்பதை 18 ஆக உயர்த்தியது. லித்துவேனியா 2018இல் 18லிருந்து 20க்குச் சென்றது. சப்பான் 2022இல் உரிய வயதை 18க்கு இறக்கியபோதும் மதுவுக்கு 20 என்பதைத் தளர்த்தவில்லை.

அமெரிக்கா பட்ட பாடு இன்னும் பெரிது. 1971இல் வாக்குரிமை வயது 18 ஆனதையொட்டிப் பல மாநிலங்கள் குடிவயதையும் இறக்கின, சில மறுத்தன. விளைவு யாது? இளைஞர் எல்லை தாண்டிக் காரோட்டிச் சென்று குடித்தனர். போதையோடு திரும்புகையில் சாலையில் மாண்டனர். 1984இல், 21 வயதை ஏற்காத மாநிலத்திற்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதியை நிறுத்துவதெனக் கூட்டரசு சட்டமியற்றியது. 1988க்குள் அனைத்து மாநிலங்களும் இணங்கின. பணத்தைப் பிடித்தால்தான் அறிவு பிறக்கும் போலும்!

மலேசியாவில் 2017 திசம்பர் முதல் நாளிலிருந்து 21 வயதுக்குட்பட்டோருக்கு மது விற்றல் கூடாது. 2021இல் வாக்குரிமை 18க்கு இறங்கியதும், "நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கத் தகுந்தவன் குடிக்கத் தகாதவனா?" என வாதிடுவோர் தோன்றினர். வாக்குச்சீட்டு ஈரலைக் கெடுப்பதில்லை என்பதே அவர்களுக்கு என் விடை.

எனினும், நம் விதி கடைக்காரனை நோக்கியது. தந்தையின் கையைப் பிடிக்க அதனால் இயலாது. இங்கிலாந்திலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மது கொடுப்பதே குற்றம். அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு வீட்டுக்குள் கொடுப்பதைச் சட்டம் தடுப்பதில்லை. வாசற்படிக்கு அப்பால் பெற்றோரே சட்டம். கள்ளுக்கடையும் சம்சுவும் நம் தோட்டக் குடும்பங்களை அரித்த வரலாற்றை யாரும் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதையும் கோரிக்கையாக வைத்தனர். பால்மரம் வெட்டியவர் கேட்டது அது. பட்டம் பெற்ற அவர்தம் பேரன் தன் மகனுக்குக் கோப்பையை நீட்டிவிட்டுச் செருமனியைச் சான்றுக்கு அழைக்கிறார்!

வரும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதனைப் பேசவிருக்கிறேன். நண்பரும் வருவார், அவருடைய இளைய மகள் எம் பள்ளியில்தான் நான்காம் ஆண்டு பயில்கிறாள்.